சாதிக்காய்த் தீவும் என் பங்கர் அறிவுரையும்

கிரனடா என்ற நாட்டை அறிமுகம் செய்துவைக்க என்னைவிடத் தகுதியான ஆள் கிழக்கு லண்டனில் இல்லை என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். அந்த நாட்டுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. அதை ஒரு குறையாகவும் எண்ணவில்லை. போய் வந்தவன் பார்த்த இடங்களைப் பற்றி மட்டுந்தான் பேசலாம். போகாதவனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

என் உரை நிகழும் இடம் எப்போதும் ஏதாவதொரு மண்டபம். பிறந்தநாள், பெண் பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, வெள்ளி விழாக் கலியாண நாள், எதுவாக இருந்தாலும் சரி. ரோல்ஸ் வந்து, கட்லட் வராமல் இருக்கும் இடைவெளியில் யாராவது கேட்பார்கள்.

"மகள் இப்ப என்ன செய்யிறா?"

"மெடிசின் படிக்கிறா."

"நல்லது, நல்லது. எங்கை? இஞ்சை லண்டனிலையோ?"

"இல்லை. கிரனடாவிலை."

இந்த இடத்தில் ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்துக்குள் இரண்டு கேள்விகள் நிற்கும். ஒன்று, அது எங்கே இருக்கிறது. மற்றது, ஏன், இங்கே எடுபடவில்லையா. இரண்டாவது கேள்வி வாய்க்கு வருவதற்குள் முதலாவதற்குப் பதில் சொல்லத் தொடங்கிவிட வேண்டும். அதுவும் நீட்டிச் சொல்ல வேண்டும். என் உரை பிறந்தது இப்படித்தான்.

"கரீபியன் கடலிலை, வெனிசுவேலாவுக்குக் கொஞ்சம் மேலை இருக்கிற குட்டித் தீவு. எங்கடை யாழ்ப்பாணக் குடாநாட்டிலை மூண்டிலை ஒரு பங்கு வரும், அவ்வளவுதான். ஆனா தனிக்கொடி, தனிப் பாராளுமன்றம், ஐ.நா.விலை தனிக் கதிரை எல்லாம் வைச்சிருக்கினம்."

இங்கே நான் சிறிது நிறுத்துவேன். கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் ஆட்கள் தட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்கள். அதன் பிறகு கூட்டம் என் கையில்.

"கொடியிலை சாதிக்காய் இருக்கு. வேறை எந்த நாடு சரக்குச் சாமானைக் கொடியிலை வைச்சிருக்கு, சொல்லுங்கோ பாப்பம்? கார் எங்களை மாதிரி இடப்பக்கம்தான் ஓடும். கிரிக்கெற் எண்டா உயிர். ஈரப்பலாக்காயைத் தேங்காய்ப்பாலிலை மஞ்சள் போட்டு, கீரையும் உப்பிட்ட இறைச்சியும் சேர்த்து, பால் வத்தி எண்ணெய் அடியிலை நிக்குமட்டும் அவிப்பினம். அதுதான் அவையின்ரை தேசியச் சாப்பாடு."

ஒருமுறை இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப எங்கடை ஊர்தான் தம்பி. இதுக்கேன் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பினனீர்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கட்லட் வந்தது. தப்பினேன்.

இந்த உரையில் ஒரே ஒரு விஷயம் மட்டும் இருக்காது. காற்று. ஆண்டின் பாதிக்கு அந்தக் கடலில் சூறாவளிப் பருவம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தீவு தெற்கே ஒதுங்கி இருக்கிறது, காற்றெல்லாம் வடக்கால் போய்விடும் என்று ஒரு வீடியோவில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டிருந்தேன்.

*

நாங்கள் இருப்பது பிளேஸ்டோவில், ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளின் வரிசையில் ஒன்று. எனக்குக் கவுன்சிலில் வாகனத் தரிப்பிடப் பகுதியில் வேலை. அபராதம் பெற்றவர்கள் 'நான் இரண்டு நிமிடம்தான் நிறுத்தினேன்' என்று அனுப்பும் முறைப்பாடுகளை வாசித்து, 'மன்னிக்கவும், முடியாது' என்று மரியாதையாகப் பதில் எழுதுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். மனைவி ஒரு மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். ஒரே மகள்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண்மணி இருக்கிறார். நிலக்கீழ் ரயில் நிலையம் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒலிபெருக்கி இல்லாமலே ஒரு நடைமேடையைக் காலி செய்யக்கூடிய குரல். மகள் சின்ன வயதிலிருந்தே அவரை 'அன்ரி' என்று கூப்பிடுவாள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். "உனக்கு நான் அன்ரி இல்லை, மிஸ்டர் பார்க்கிங்" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

மகளுக்குக் கிரனடாவில் இடம் கிடைத்த அன்றுதான், வேலிக்கு மேலால் செய்தியைச் சொன்னபோது, அன்ரியும் கிரனடாதான் என்று தெரியவந்தது. பதினைந்து வருடத்துக்கு மேலாக அவரை ஜமேக்கா என்று நினைத்திருந்தேன். கேட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் அன்ரியும் பதிலுக்கு என்னைப் பார்த்து, "அப்ப நீ பங்களாதேஷ் இல்லையோ?" என்றார். ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்கு ஈத் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். நானும் நன்றி சொல்லி வாங்கியிருக்கிறேன். ஆகவே கணக்குச் சரி.

அவர் பேசுவது ஆங்கிலம், அதுவும் தீவு ஆங்கிலம். அதை அச்சுத் தமிழில் போட்டால் அதன் சூடு செத்துவிடும். அதனால் எனக்குத் தெரிந்த சூடான தமிழிலேயே எழுதிக்கொண்டு போகிறேன்.

*

அறிவுரை சொல்வது எனக்கு மூச்சு விடுவது போல. மகள் தீவுக்குப் போன நாளிலிருந்து தினமும் போனில் ஒன்றாவது சொல்லாமல் விட்டதில்லை. இளநீர் குடி, வெயிலுக்குள் நடக்காதே, தனியாகக் கடலில் இறங்காதே, மிளகாய்த்தூள் டப்பாவை ஈரக் கையால் தொடாதே. அவள் "ஓகே அப்பா" என்பாள். போன் வைக்கப்படும். வாலிப வயது தொடங்கிய நாளிலிருந்து அவள் என் சொல்லைக் கேட்டதில்லை என்பது எங்கள் வீட்டில் நிலைநாட்டப்பட்ட உண்மை. விஞ்ஞானம் படி என்றேன், படித்தாள். ஆனால் அது அம்மாவும் சொன்னதால்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பயந்தால் கேட்பாள். சின்ன வயதில் ஒருமுறை ஸ்ராற்போர்ட் கடைத்தொகுதிக்குள் எங்கள் கையை விட்டுத் தவறிப் போய்விட்டாள். முதல்நாள்தான் சொல்லிவைத்திருந்தேன்: துலைஞ்சால் ஓடித் திரியாதே, ஒரு தூணைப் பிடிச்சுக்கொண்டு நில். நாங்கள் மூன்று தளமும் ஓடித் தேடினோம். அவள் முதல் தளத்தில் ஒரு தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி நின்றாள். காவலாளி வந்து கையைப் பிடித்தபோதும் விடவில்லை. "அப்பா நிக்கச் சொன்னவர்" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

அந்தத் தூண் எனக்குப் பெருமையாக இருந்தது. சென்ற கோடைக்கு முன்புவரை.

*

அன்று வீட்டிலிருந்து வேலை. காலையிலிருந்தே செய்தியில் அந்தக் காற்று ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் ஒரு வெள்ளைச் சக்கரம், நடுவில் ஓட்டை. வடக்கால் போக வேண்டியது வடக்கால் போகவில்லை. மகள் இருப்பது தீவின் தெற்கில், ஒரு கொங்கிறீற் வீட்டின் மேல்மாடி அறையில். கீழே வீட்டுக்காரி. கல்லூரியில், கொங்கிறீற் வீட்டில் இருப்பவர்கள் அங்கேயே இருக்கலாம், மற்றவர்கள் மண்டபத்துக்கு வரலாம் என்று சொல்லியிருந்தார்களாம். இவள் இருந்துவிட்டாள்.

இங்கே மத்தியானம் தாண்டும் நேரம், அங்கே காலை. போன் வந்தது. குரல் துண்டு துண்டாக.

"அப்பா, வானம் ஒரு மாதிரி இருக்கு. இரைச்சல் கேக்குது. நான் என்ன செய்ய?"

நான் என்ன செய்ய. இந்தக் கேள்வியைப் பத்து வருடமாக எதிர்பார்த்திருந்தவன் நான். நாற்காலியை விட்டு எழுந்தேன். ஆச்சரியமான விஷயம், என் குரல் நடுங்கவில்லை. எல்லாம் தானாக வந்தது.

"முதல் பதறாதை பிள்ளை. யன்னல் எல்லாத்தையும் திறந்து விடு. பூட்டி இருந்தால் கண்ணாடி வெடிச்சுப் பறக்கும். வீட்டுக்குள்ளை நிக்காதை, வீடுதான் முதல் விழும். கீழை இறங்கு. பக்கத்திலை ஒரு பெரிய வாய்க்கால், மேலை கொங்கிறீற் மதகு இருக்கெல்லோ, வீடியோவிலை காட்டினனீ? அதுக்குள்ளை போய்க் குந்து. காதுக்குப் பஞ்சு வை. பாஸ்போட்டைப் பொலித்தீன் பையிலை போட்டுக் கழுத்திலை கட்டு. பிஸ்கற் எடுத்துக்கொண்டு போ."

"அப்பா, ஷுவரா?"

"நான் இதுக்குள்ளைதான் வளந்தனான்."

ஒரு கணம் இரைச்சல் மட்டும். பிறகு, "ஓகே அப்பா."

தொடர்பு அறுந்தது.

எனக்கு எப்படி இருந்தது என்று உண்மையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பெருமையாக இருந்தது. தேத்தண்ணி ஊற்றினேன். ஒரு முறைப்பாட்டுக்கு 'முடியாது' என்று பதில் எழுதினேன். பிறகு கோப்பையோடு பின்வளவுக்குப் போனேன். அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். தீவின் வடக்கில் அவருடைய தங்கை இருக்கிறார்.

"கிடைக்குதில்லை" என்றார். "உன்ரை பிள்ளை?"

"பயப்பிடாதைங்கோ. நான் எல்லாம் சொல்லிக் குடுத்திட்டன்."

"என்ன சொல்லிக் குடுத்தனீ?"

சொன்னேன். ஒவ்வொன்றாக, வரிசையாக, விரல் மடக்கி. யன்னல் என்றதும் அன்ரி போனைக் காதிலிருந்து எடுத்தார். வாய்க்கால் என்றதும் வேலிப் பலகையைப் பிடித்தார்.

"உனக்கு என்ன விசரோ?" குரல் பெரிதாக வரவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. "யன்னலாலை காத்து உள்ளை பூந்தால் கூரையை உள்ளுக்கை இருந்து தூக்கி எறியும். எல்லாத்தையும் இறுக்கிப் பூட்டிப் பலகை அடிக்க வேணும். வீட்டுக்கு நடுவிலை, யன்னல் இல்லாத அறையிலை இருக்க வேணும். வாய்க்காலோ? மலையிலை விழுற மழை முழுக்க அந்த வாய்க்காலாலைதான் கடலுக்குப் போகும். மாட்டையே கொண்டுபோகும். ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது?"

ஆர் சொல்லித் தந்தது? அப்போதுதான் எனக்கே விளங்கியது.

வானத்திலிருந்து இரைச்சல் வருகிறது என்று பிள்ளை சொன்னதும், என் தலைக்குள் வந்தது காற்றில்லை, பொம்பர். குண்டு போட வரும் விமானத்துக்கு என்ன செய்வோம்? அதிர்வுக்குக் கண்ணாடி உடையாமல் யன்னலைத் திறந்து விடுவோம். வீட்டை விட்டு வளவுக்கு ஓடுவோம். வெட்டி வைத்திருக்கும் பங்கருக்குள் இறங்கிக் குந்துவோம். ஒவ்வொன்றும் அனுபவத்தில் சரிபார்க்கப்பட்ட விதி. அதைப் பழுதில்லாமல், ஒரு வரி மறக்காமல், இன்னொரு கடலில் இன்னொரு ஆபத்துக்கு அப்படியே ஒப்புவித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தானைத் தவிர உலகத்தில் வேறு யார் சூறாவளிக்குப் பங்கர் சொல்லுவான்?

தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. அடுத்த வாரம் ரோசாச் செடிக்கு அடியில் கிடந்தது.

*

திரும்பத் திரும்ப அடித்தேன். ஒரு பெண்ணின் குரல், இந்த இலக்கம் இப்போது கிடைக்காது என்று இனிமையாகச் சொன்னது. செய்தி அனுப்பினேன்: யன்னலைப் பூட்டு. வாய்க்காலுக்குப் போகாதே. நான் சொன்னது எல்லாம் பிழை. போய்ச் சேர்ந்ததற்கான ஒரு சரிக்குறிகூட விழவில்லை. எழுத்து அப்படியே திரையில் நின்றது, போகாமல்.

மனைவி வேலையால் வந்தாள். சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டாள்.

"எடுத்தவளோ?"

"எடுத்தவள்."

"என்னவாம்?"

சொல்லாமல் விடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் என் முகம் என் பக்கம் நின்றதே இல்லை.

"என்னப்பா சொன்னனீங்கள் பிள்ளைக்கு?"

சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. படியில் இருந்துவிட்டாள், ஒரு சப்பாத்து காலிலும் மற்றது கையிலுமாக.

"அவள் ஒருநாளும் உங்கடை சொல்லுக் கேக்கிறேல்லைத்தானே" என்றாள் மெதுவாக. "இண்டைக்கும் கேட்டிருக்க மாட்டாள். என்ன?"

"ஓம். கேட்டிருக்க மாட்டாள்."

"ஓகே அப்பா எண்டவளோ?"

"ஓம்."

"எப்பவும் மாதிரியோ?"

இருவரும் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். தூணை.

என் வாழ்க்கை முழுவதும் பிள்ளை சொல்வழி கேட்க வேண்டும் என்று மன்றாடியவன் நான். அன்று மாலை முழுவதும், முருகா, அவள் கேட்டிருக்கக் கூடாது என்று மன்றாடினேன். மனோர் பார்க் கோயில் பக்கம் திரும்பி நின்று, பிறகு அது சரியான திசைதானா என்று சந்தேகம் வந்து, இன்னொரு பக்கமும் திரும்பி நின்றேன்.

அன்ரி கதவைத் தட்டவில்லை. தட்ட வேண்டிய தேவையும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இரண்டு பேரும் இஞ்சை வாங்கோ, றேடியோ எடுபடுது" என்ற குரல் வந்தது.

அவருடைய முன்னறையில் சின்னத் திரையொன்றில் தீவின் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. படமில்லை, குரல் மட்டும். ஒரு மனிதர் அமைதியாக, வீட்டுக்குள்ளேயே இருங்கள், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிற்காதே என்று சொன்ன அதே வீட்டுக்குள். மனைவி கொண்டுபோன சோற்றையும் பருப்பையும் ஒருவரும் தொடவில்லை. இருபது வருடத்துக்கு முன்பு ஒரு காற்று வந்து தீவின் கூரைகளில் முக்கால்வாசியைக் கொண்டுபோனதையும், அதற்கு முதல்நாள்வரை ஊரே 'எங்களுக்கு வராது' என்று சொல்லிக்கொண்டிருந்ததையும் அன்ரி சொல்லத் தொடங்கினார். பாதியில் என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் வழமையில் இப்படியான இடைவெளியில் ஏதாவது பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்க வைப்பவன். வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இருக்கவில்லை.

"வீட்டுக்காரி எப்பிடிப்பட்ட ஆள்?" என்று அன்ரி கேட்டார்.

"சத்தம் போடுற ஆளாம்" என்றாள் மனைவி. "அவளுக்கு அவவோடை பெரிசாச் சரிவராது."

"சத்தம் போடுறவவோ?" அன்ரி முதல் முறையாகக் கதிரையில் சாய்ந்து இருந்தார். "அப்ப நல்லது."

அந்த மனிதரின் குரல் ஒரு சொல்லின் நடுவில் நின்றது. பிறகு வெறும் இரைச்சல். அன்ரி அதை நிறுத்தவில்லை. மூன்று பேரும் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டு இருந்தோம்.

*

அடுத்தநாள் காலை தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நான் எடுப்பதற்குள் மனைவி பறித்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நான் ஓகே. ஐ ஆம் ஓகே. இது ஒரு பிரெண்டின்ரை போன்."

மனைவி அழுதாள். நான் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாமல் நின்றேன். அவளே சொன்னாள்.

"அப்பா நிக்கிறாரோ? அப்பா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தனான்."

சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லா யன்னலையும் திறந்தனான். பாஸ்போட்டைக் கழுத்திலை கட்டினனான். பிஸ்கற்றும் எடுத்துக்கொண்டு படியாலை இறங்கினன். கீழ்வீட்டு அன்ரி கண்டிட்டா. எங்கை போறாய் எண்டா. வாய்க்காலுக்கை எண்டன்." அவள் சிரிக்கத் தொடங்கியிருந்தாள், ஆனால் முழுச் சிரிப்பில்லை. "அப்பா, ஷீ ஸ்க்ரீம்ட். என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு மேலை போய் எல்லா யன்னலையும் அடிச்சுப் பூட்டினவ. பிறகு தன்ரை குளியலறைக்குள்ளை என்னைத் தள்ளி, தானும் வந்து கதவைச் சாத்திப்போட்டு, முழு நேரமும் கத்திக் கத்தி என்னைப் பேசினவ. ஆர் உனக்கு இப்பிடிச் சொன்னது எண்டு கேட்டவ."

"என்ன சொன்னனீ?"

"அப்பா எண்டன். அவர் எந்த ஊர் ஆள் எண்டு கேட்டா. சொன்னன். அங்கை யுத்தம் நடந்தது எண்டு சொன்னன். பிறகு அவ கொஞ்ச நேரம் பேசேல்லை." பின்னால் எங்கோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. "பிறகு திருப்பியும் பேசத் தொடங்கிட்டா."

"வாய்க்கால்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மதகு இல்லையப்பா இப்ப. வெள்ளத்தோடை போட்டுது."

மனைவி எங்கள் இருவருக்குமாகச் சேர்த்து, "சரி, சாப்பிட்டியோ?" என்று கேட்டாள்.

என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: "பிள்ளை, நான் சொன்னது பிழை."

"தெரியும் அப்பா. பட் நீங்கள் பதறாமல் கதைச்சனீங்கள். அதாலைதான் நம்பினனான்."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பதறாமல் பேசினேன். அது அப்படியாகிவிட்டது.

வைப்பதற்கு முன் இன்னொன்று சொன்னாள். யன்னல் திறந்து கிடந்த அந்தச் சொற்ப நேரத்தில் காற்றும் மழையும் பூந்து, வீட்டுக்காரியின் திரைச்சீலைகள் எல்லாம் கிழிந்துபோய்விட்டனவாம். "உன்ரை அப்பாவை வந்து புதுசு போடச் சொல்லு எண்டவ."

*

அன்ரியின் தங்கையிடமிருந்து செய்தி வர மேலும் இரண்டு நாள் எடுத்தது. ஆள் சுகம், கூரை இல்லை. அந்த வார இறுதியிலேயே அன்ரியின் முன்வாசலில் ஒரு பெரிய நீலப் பீப்பா வந்து நின்றது. கரீபியன் ஆட்கள் ஊருக்குச் சாமான் அனுப்புவது இதில்தான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அரிசி, மா, எண்ணெய், தகரத்தில் அடைத்த மீன், சவர்க்காரம், தார்ப்பாய், ஆணி. இடையில் ஒரு விரல் வெற்றிடமும் விடாமல், சப்பாத்துக்குள் காலுறையையும் காலுறைக்குள் பற்றரியையும் அடைத்து, கப்பலில் போடுவார்கள்.

மனைவி தன் பங்குக்கு மருந்துப் பெட்டி ஒன்று கட்டினாள். நான் கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் போய்த் திரைச்சீலைத் துணி வாங்கி வந்தேன். அன்ரியும் கூட வந்தார். நான் எடுத்த நிறத்தை எல்லாம் "இது ஆஸ்பத்திரிக்கு", "இது சவச்சாலைக்கு" என்று தட்டிவிட்டு, பெரிய செம்பருத்திப் பூப்போட்ட ஒன்றை எடுத்துத் தந்தார். அப்படி ஒரு நிறத்தை எங்கள் வீட்டில் தொங்கவிட்டால் எனக்கு நித்திரை வராது. சரி என்றேன். அந்தத் தீவைப் பற்றிச் சரி என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டிருந்தேன்.

தங்கைக்குப் போகும் பீப்பாவில் மகளுக்கும் வீட்டுக்காரிக்கும் அன்ரி ஒரு மூலை ஒதுக்கித் தந்தார். பீப்பா நிரம்பியது. நான் மெதுவாக ஒரு மிளகாய்த்தூள் பொதியை நீட்டினேன். வாங்கி உள்ளே திணித்தார். இன்னொன்றை நீட்டினேன். அதையும் திணித்தார்.

"வீட்டுக்காரிக்கு ஒரு துண்டு எழுதி வைக்கட்டோ? யன்னல் கொளுக்கியைப் பற்றி நான் ஒரு வீடியோவிலை..."

"மிஸ்டர் பார்க்கிங்," என்றார் அன்ரி, "இந்தப் பீப்பாவுக்குள்ளை உன்ரை அட்வைஸ் வைக்க இடமில்லை."

மூடி பொருந்தவில்லை. ஒரு பக்கத்தை அமத்தினால் மறுபக்கம் எழும்பியது. மனைவி என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். அன்ரியும் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது.

"ஏறி இரு" என்றார் அன்ரி.

ஏறி இருந்தேன். தெருவால் போனவர்கள் பார்த்தார்கள். கவுன்சிலில் வேலை செய்யும் மனிதர் ஒருவர் நீலப் பீப்பாவின் மேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஒரு கேள்வி வரத்தான் செய்யும். மூடி இறங்கியது. அன்ரி குனிந்து இரும்பு வளையத்தை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தபோது என் சட்டைப் பையில் போன் அடித்தது. மகள்.

"அப்பா, இஞ்சை திருப்பியும் காத்து அடிக்குதப்பா. சின்னக் காத்துத்தான். யன்னலைத் திறக்கவோ பூட்டவோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். அன்ரி வளையத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பதில் தெரியும். நெஞ்சு முட்ட, தொண்டை முட்டத் தெரியும். காரணத்தோடும் உதாரணத்தோடும் சொல்லக்கூடிய அளவுக்குத் தெரியும்.

"கீழ்வீட்டு அன்ரியைக் கேள் பிள்ளை" என்றேன்.

"கேட்டிட்டன் அப்பா. பூட்டியாச்சு. சும்மா உங்களையும் ஒருக்காக் கேப்பம் எண்டு எடுத்தனான்."

"இறங்காதை!" என்று அன்ரி கத்தினார். "இன்னும் பூட்டு விழேல்லை."

இறங்கவில்லை. அப்படியே இருந்தேன், போனைக் காதில் வைத்துக்கொண்டு.